அப்பா கட்டிய கார், மாமா ஓட்டிய கார்

அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். அம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் ஓய்வு பெற்றுத் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த நாலு கதவு பிரெஞ்சுக் கார் அது. நான் பார்த்தபோது அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பின் சீட்டின் பஞ்சு கோழிக்குப் பிடித்துப் போயிருந்தது. தாத்தா இறந்த பிறகு வீடும் காரும் கோழியும் மாமாவுக்கு என்று ஆயிற்று. ஆனால் மாமா இருந்தது பிரான்சில்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பிரான்சில் பஸ் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அத்தையையும் பையனையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வருவார். பையனுக்கு என் வயசுதான். தமிழை மூக்கால் பேசுவான். மாட்டைப் பார்த்தால் பயம், காக்காவைப் பார்த்தால் பயம், எங்கள் வீட்டு மிளகாய்த்தூளைக் கண்டால் அதைவிடப் பயம். தண்ணீரைப் பார்த்து மட்டும் அவனுக்குப் பயம் இல்லை. எனக்கு எட்டு வயதாகியிருந்த அந்த லீவில், நோணாங்குப்பத்துக்கு அந்தாண்ட, ஆறு கடலில் சேர்கிற இடத்தில் அவனை மாமா குளிக்க அழைத்துக்கொண்டு போனார். மாமா மட்டும் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் பிரான்சுக்குப் போகவில்லை. டிக்கெட் எடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் மாமா எழுந்து, பையனைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் அவரை அழைத்துப் போய், தூங்குவதற்கு மாத்திரை வாங்கி வருவாள். மாத்திரை போட்டும் அவர் தூங்குவதில்லை என்று அத்தை அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாராம், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்குமாம், நீந்துகிற மாதிரி.

அப்பாவுக்கு நெல்லித்தோப்பில், எங்கள் வீட்டை ஒட்டியே, கார் ஒர்க்ஷாப். அதிகம் பேசுகிறவர் இல்லை. உலகத்தில் எந்தத் துக்கத்துக்கும் பின்னால் எங்கேயோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்று நம்புகிற ஆள். ஒரு நாள் அவர் கயிறு கட்டி அந்தக் காரை இழுத்து வந்து ஷெட்டுக்குள் நிறுத்தினார். கோழியை அத்தையிடம் கொடுத்தார். மாமாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் எரிகிற விளக்கைக் கொடுத்து, "மச்சான், இத மட்டும் இப்படிப் பிடி, போதும்" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "இந்த டப்பாவ வச்சிக்கினு என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"ரேஸ் உடப் போறோம்" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டாள். அந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் யாராவது சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெட்ராஸ் பக்கம் ரேஸ் மைதானம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு கிளப்காரர்கள் பழைய கார்களுக்கென்று தனியாகப் போட்டி வைப்பார்கள். பெரிய பணக்காரர்கள் ஓட்டுகிற ரேஸ் இல்லை அது. பல் டாக்டர், பேங்க் மேனேஜர், டியூஷன் வாத்தியார் என்று, ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள் கூடி ஓட்டுவது. அவர்களில் ஒருவருடைய காருக்கு அப்பா வேலை பார்த்துக் கொடுத்திருந்தார்.

காரைப் பிரித்தார்கள். அது காராக இருந்தது என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பிரித்தார்கள். சீட்டு, கால்மிதி, கண்ணாடி, கதவுக்குள்ளிருந்த அட்டை எல்லாம் வெளியே வந்தன. எடை குறைந்தால்தான் ஓடும் என்றார் அப்பா. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரே ஒரு சீட்டு. மாமா பல நாட்கள் விளக்கு பிடிக்கும் தூண் மாதிரிதான் இருந்தார். அப்பா கையை நகர்த்தினால் விளக்கு நகரும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் மாமாவே, இஞ்சினுக்குள் பார்த்துக்கொண்டே, "மச்சான், கார்புரேட்டர் ரெண்டு போட்டா என்ன?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். பழைய துணியில் கையைத் துடைத்தார். "போடலாமே" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டு கார்புரேட்டர் போடுவதில் என்ன கஷ்டமோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமா விடியும்போதே ஷெட்டுக்கு வந்துவிடுவார். அவர் கைகள் கறுத்தன. நகத்துக்குள் கிரீஸ் ஏறியது. என்னைப் பழையபடி 'பெத்தி' என்று கூப்பிட ஆரம்பித்தார். பிரெஞ்சில் சின்னது என்று அர்த்தம். பையன் போன பிறகு அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. நான் எதையாவது அவசரமாகத் தூக்கினால் "துஸ்மா, பெத்தி, துஸ்மா" என்பார். மெதுவா, மெதுவா. கார்புரேட்டர் இரண்டும் ஒரே சீராக மூச்சு விடுகிறதா என்று பார்க்க, ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொன்றின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். எனக்கும் கேட்கக் கொடுத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "ரெண்டும் ஒண்ணா பாடுதா?" என்று கேட்டார். பாடுகிறது என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவர் அப்படிக் கேட்டது பிடித்திருந்தது.

ஒரு மத்தியானம் அத்தை காபி கொண்டுவந்தது. மாமா காருக்கு அடியில் கிடந்தார். மேலே அப்பா ஏதோ சொன்னதற்கு அடியிலிருந்து மாமாவின் சிரிப்பு வந்தது. அத்தை அப்படியே நின்றுவிட்டது. காபித் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு அப்பா கையைப் பிடித்துக்கொண்டது. "அண்ணா, நீங்க நல்லா இருக்கணும். உங்க புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்" என்று சொல்லி அழுதது. கிரீஸ் கையைப் பிடித்ததில் அதன் கை இரண்டும் கறுப்பாகிவிட்டன. அப்பா தர்மசங்கடத்துடன் துணியைத் தேடினார்.

முதல் போட்டியில் மாமா மூன்றாவதாக வந்தார். எங்கள் காருக்கு ஆகாயநீலம் பூசியிருந்தோம். பஸ் ஓட்டியவர்தானே, எப்படி ஓட்டப் போகிறார் என்று அந்தப் பல் டாக்டர் நினைத்திருக்க வேண்டும். வளைவில் மாமா அவரைத் தாண்டிப் போனதும் அவர் முகம் பல் பிடுங்கப்பட்டவர் முகம் போல ஆனது. ஊர் திரும்பும் வழி முழுக்க மாமா பேசிக்கொண்டே வந்தார். எந்த வளைவில் எங்கே காலை எடுக்க வேண்டும், எங்கே மிதிக்க வேண்டும் என்று கையை ஸ்டியரிங் போல வைத்துக் காட்டினார். திண்டிவனத்தில் எல்லோரும் பரோட்டா சாப்பிட்டோம். மாமா இன்னொன்று கேட்டு வாங்கினார். அப்பா தான் சாப்பிடாமல் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் பிரேக் போதவில்லை என்று மாமா சொன்னதால், அடுத்த போட்டிக்கு அப்பா வேறொரு காரின் பிரேக்கைக் கழற்றி இதில் பொருத்தினார். குழாய்க்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது, அதை வெளியே எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே நட்டைத் திறந்து மூட வேண்டும். அப்பா சக்கரத்தருகே, மாமா பெடலில். நாலு சக்கரத்துக்கும் செய்தார்கள். முடித்த பிறகு அப்பா தானும் ஒரு முறை மிதித்துப் பார்த்தார்; பெடல் அமுங்காமல் கெட்டியாக நின்றால் பிரேக் சரி. ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன் மறுபடி பார்த்தார். மைதானத்தில் இறக்கியதும் இன்னொரு முறை. அவர் அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா சந்தோஷமாக இருந்தார். விடிகாலையில் மாதா கோயில் பூசைக்குப் போய், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்தார். பையன் போனதிலிருந்து கோயில் வாசலைத்தான் மிதிப்பார், உள்ளே போகமாட்டார். முகம் வழித்து, எண்ணெய் தடவி, கல்யாணத்துக்குப் போகிறவர் போலிருந்தார். வழியில் பேச்சு அதிகம் இல்லை, ஆனால் அது பழைய மௌனம் இல்லை. என் தலையில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடியே வந்தார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். பார்த்தியா, சரியாயிட்டான் என்கிற சிரிப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மாவும் அத்தையும் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். சாயங்காலம் வஞ்சிர மீன் குழம்பு என்று பேச்சு.

காரில் ஏறி உட்கார்ந்ததும் மாமா அப்பாவைக் கூப்பிட்டார். "மச்சான், இவ்ளோ நல்ல வண்டி நான் ஓட்டுனதே இல்ல" என்றார்.

"சரி சரி, பாத்துப் போ" என்றார் அப்பா. பெருமையில் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து நீளமான நேர்ப்பாதையும் அதன் முடிவில் இருந்த வளைவும் தெரியும். வளைவுக்கு வெளியே கான்கிரீட் சுவர். கார்கள் வரிசையாக வரும், வளைவு நெருங்கும்போது ஒவ்வொன்றின் சத்தமும் தணியும், பிறகு திரும்பிப் போகும். சில சுற்றுகள் அப்படித்தான் போயின. எங்கள் கார் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாலே இரட்டைக் கார்புரேட்டர் சத்தத்தை வைத்து எது நம் கார் என்று எனக்குச் சொல்ல முடிந்தது. அடுத்த சுற்றில் முன்னால் போன காரின் சத்தம் தணிந்தது. எங்கள் காரின் சத்தம் தணியவில்லை.

அப்பா தலையை நிமிர்த்தினார். "கால எடு" என்றார் மெதுவாக. "மச்சான், கால எடு. எடு. எடுடா."

கடைசி வரை அந்தச் சத்தம் ஒரே சீராகத்தான் இருந்தது.

அதற்கு மேல் நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. ஆம்புலன்ஸ் ஓடியது. மைதானத்து டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, எழுந்து, யாரையும் பார்க்காமல் தலையை ஆட்டினார். மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றி ஒரு வெள்ளைத் துணி போர்த்தினார்கள். போலீசுக்குச் சொல்லியிருப்பதாகவும், வண்டியைச் சோதிக்க அதிகாரி வருவார் என்றும் கிளப்காரர் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். காரை இழுத்து வந்து ஒரு தகரக் கொட்டகையில் விட்டார்கள். முன்பக்கம் ஒரு பாதி நசுங்கிப்போயிருந்தது. ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடமும் பிரேக் குழாய்களும் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. "ரோட்ல டயர் தடமே இல்லயே" என்று யாரோ சொல்வது கேட்டது.

"கொஞ்ச நேரம் வண்டிகிட்ட இருக்கேன்" என்றார் அப்பா. மற்றவர்கள் தயக்கத்துடன் ஆம்புலன்ஸ் பக்கம் போனார்கள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை, நான் இருப்பதே தெரிந்ததா என்றும் தெரியவில்லை.

அப்பா உடைந்த கதவு வழியாகக் கையை விட்டுப் பிரேக் பெடலை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ அமுத்து" என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். தன் கையையே அவர் அப்போது நம்பவில்லை போலிருக்கிறது. நான் இரண்டு கைகளையும் வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். அசையவில்லை.

"கல்லு மாதிரி இருக்குப்பா" என்றேன்.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எங்கோ ஒரு ஸ்பீக்கரில், அடுத்த போட்டி ரத்து என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா சட்டென்று எழுந்து டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்கு அடியில் படுத்தார். ஒரு நட்டைத் திருப்பினார். பிரேக் ஆயில் மண்ணில் சொட்டியது. எழுந்து வந்து பெடலை மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் ஒரேயடியாகத் தரையைத் தொட்டது. ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில், அதன் இடத்தில், ஒழுங்காக வைத்தார்.

ரிப்பேர் செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மாமாவையே எழுப்பிவிடலாம் என்பது போல அப்படி ஒரு அவசரம் அவர் கைகளில் இருந்தது.

அதிகாரியும் போலீஸ்காரரும் வந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா சொன்னார்: "பிரேக் ஆயில் ஒழுகி இருக்கு சார். நான்தான் மாட்டுனேன். நட்ட சரியா இறுக்கல போல."

"அப்பா, இப்பதான..." என்று நான் ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. வலிக்கவில்லை. ஆனால் அவ்வளவு கனமான கையை அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை. அதிகாரி பெடலை மிதித்தார், குனிந்து அடியில் பார்த்தார், அப்பாவை ஏறிட்டு வெகுநேரம் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

மாமாவை மறுநாள் அடக்கம் செய்தோம். கோயில் மணி அடித்தது, பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்துப் பூசை நடந்தது. சாமியார் விபத்து என்று சொல்லி, ஆண்டவருடைய சித்தம் நமக்கு விளங்காது என்று பிரசங்கம் வைத்தார். பையனுடைய குழிக்கு அடுத்தாற்போலவே மாமாவுக்கும் இடம் கிடைத்தது. இப்போதெல்லாம் சாமியார்கள் இரக்கமாகப் பார்க்கிறார்கள், தாங்களாகவே உயிரை விட்டவர்களுக்கும் பூசை வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் சொந்தத்தில் அப்படிப் போன ஒருவரைப் பற்றி ஐம்பது வருஷம் கழித்தும் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினார்கள். அது அப்பாவுக்கும் தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் அத்தை அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கியது. "கொன்னுட்டியே பாவி! எம் புருசன கொன்னுட்டியே! ஒரு நட்ட இறுக்கத் துப்பில்லாத உனக்கெல்லாம் என்னாத்துக்குடா வண்டி?" என்று கத்தியது. அப்பா தலை குனிந்து நின்றார். சட்டைப் பித்தான்கள் தெறித்தன. அம்மா போய்த் தடுப்பாள் என்று பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த முகம் முழுதாக அவர் பக்கம் திரும்பியதே இல்லை. ஒரே வீட்டில் இருந்தாள், சோறு போட்டாள், ஜுரம் வந்தால் கஞ்சி வைத்தாள். அவர் ஓட்டுகிற வண்டியில் மட்டும் சாகும்வரை ஏறவில்லை. நாங்கள் எங்கே போவதாக இருந்தாலும் அம்மா பஸ்ஸில் வருவாள், அப்பா முன்னால் போய் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பார்.

கேஸ் சில வருஷம் இழுத்தது. கிளப்காரர்கள் அப்பாவை மைதானத்துக்குள் விடவில்லை. நெல்லித்தோப்பில் முதலில் பிரேக் வேலை வருவது நின்றது, பிறகு எந்த வேலையும் வரவில்லை. அப்பா ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவராகப் போகப் பார்த்தார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் ஆனார். அவர் ஒரு நாளும், யாரிடமும், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. என்னிடமும் பேசவில்லை. நான் பெரியவளாகி, எல்லாம் விளங்கி, ஒரு தடவை வாயைத் திறந்தபோது, "பழச எதுக்குக் கிளர்ற?" என்று எழுந்து போய்விட்டார். அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். பிரான்சுக்குத் திரும்பிப் போன அத்தையும் போன மாதம் அங்கேயே இறந்துவிட்டதாகப் போன் வந்தது. சொன்னால் நோகிறவர்கள் இனி யாரும் இல்லை.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அத்தைக்குக் கிடைத்திருக்கும் உண்மை ஒன்றே ஒன்றுதான்: புருஷன் தன்னையும் விட்டுவிட்டுப் பையனிடம் போகத் தீர்மானித்துவிட்டான் என்பது. அதைக் காட்டிலும் ஒரு கொலைகாரனைக் கொடுப்பது மேல் என்று அப்பா அந்தத் தகரக் கொட்டகையில், போலீஸ் வருவதற்குள் தீர்மானித்திருக்கிறார். காரைக் கொடுத்தது தான்தானே என்பதும் அவருக்குள் இருந்திருக்கும். அதை இறக்கிவைக்க அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

இதெல்லாம் இன்றைய கணக்கு. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் எனக்குப் பத்து வயது, அப்பாவின் மேல் எரிச்சலாக இருந்தது. எல்லோரும் மாமா வீட்டில் இருந்தார்கள். அப்பாவை உள்ளே விடவில்லை. எங்கள் வீட்டு ஷெட்டில், கார் நின்ற இடம் காலியாக இருக்க, அந்த ஸ்டூலில் அவர் பித்தானில்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் மாமா வீட்டிலிருந்து வந்தேன்.

"அத்தை சாப்டுச்சா?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

"சாப்டுச்சு. உன்னத் திட்டிக்கினே சாப்டுச்சு."

"எவ்ளோ சாப்டுச்சு?"

"ஒரு தட்டு. அப்புறம் ரசம் வாங்கிச்சு."

அப்பா முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். "பையன் போனப்ப ஒரு வாரத்துக்குப் பச்சத் தண்ணி எறங்கல அதுக்கு" என்றார். "குளுக்கோஸ் ஏத்தித்தான் பொழைக்க வச்சோம்."

"அம்மாவும் உம்மேல கோவமா இருக்கு. நான் போயி நட்ட நீதான் அப்புறமா கழட்டுனன்னு சொல்லட்டா?"

"வேணாம்மா." பித்தானில்லாத சட்டையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: "கோவம் இருக்கட்டும். கோவம் இருந்தா சோறு எறங்கும்."

எனக்கு அது சுத்தமாக விளங்கவில்லை. கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள் நான். அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, பசித்ததால், அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே சாப்பிடப் போனேன்.